சோளம் வேகும் பதம்

காளான் வித்துக்காக ஒரு கிலோ சோளத்தை ஊறப்போட்டு, வேகவைத்து, வடித்து, ஈரம் போக உலர்த்தி மறுபடி எடை போட்டால் 1,700 கிராமைச் சுற்றி நிற்க வேண்டும். 1,600 என்றாலும் பரவாயில்லை. 1,800 தாண்டினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் கொஞ்ச நேரம் விசிறிக்கடியில் கிடக்கட்டும். 2 கிலோ காட்டினால் அதைப் பையில் போடவே போடாதீர்கள். காளான் வித்து வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒரு கணக்கைத்தான். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் பெட்டியைப் பற்றியும் ஸ்பிரிட்டைப் பற்றியும் பஞ்சைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். சோளம் எப்படி வெந்தது என்று யாரும் கேட்பதில்லை. மதுரையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் காளான் வளர்க்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது, கெட்டுப்போன பைகளை எல்லாம் இப்போது நினைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை தானியத்தில் தண்ணீர் அதிகமாகிப் போனதால் கெட்டவை.

புதிதாக வருபவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காளானுக்கு நெல் மாதிரி, கத்திரி மாதிரி விதை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் உண்டு, ஆனால் அதைத் தூவி யாரும் பயிர் செய்வதில்லை. வெள்ளை நூல் மாதிரி ஓடும் பூசண இழையை வேகவைத்த தானியத்தில் வளரவிட்டு, அந்தத் தானியத்தைத்தான் விதையாகப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு மணியும் இழை சுற்றிய ஒரு பொட்டலம். வைக்கோலில் தூவினால் ஒவ்வொரு மணியிலிருந்தும் இழை புறப்பட்டு நாலு பக்கமும் ஓடும். இந்த யோசனைக்கு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் இருந்த ஜேம்ஸ் சிண்டன் 1932ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் குதிரைச் சாணத்தில் இழையை வளர்த்து, கட்டிகளாக உடைத்துப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டி ஒரே இடத்தில்தான் கிடக்கும், தானியத்தைப் படுக்கை முழுக்கத் தூவலாம்.

வைக்கோலை ஒரு மணி நேரம் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் போதும் என்கிறோம், தானியத்துக்கு மட்டும் ஏன் குக்கரும் இரண்டு மணி நேரமும்? வைக்கோலில் சத்து குறைவு, அதைத் தின்று செரிக்கத் தெரிந்த கிருமிகள் கொஞ்சம்தான். சோளம் முழுக்க மாவு. சோறு போட்ட இடத்துக்கு ஊரே வரும், பச்சைப் பூசணமும் வரும், கறுப்புப் பூசணமும் வரும், பாக்டீரியாவும் வரும். அவற்றில் எதுவும் மிச்சமில்லாமல் கொன்ற பிறகுதான் நம் இழையை உள்ளே விட முடியும், ஏனென்றால் ஓட்டப்பந்தயம் வைத்தால் காளான் இழை அவற்றிடம் தோற்கும்.

சரி, எந்தத் தானியம்?

வெளிநாட்டு வீடியோக்களில் ரை என்ற தானியத்தைக் காட்டுவார்கள், ஓட்ஸ் காட்டுவார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். அவர்கள் ஊரில் மலிவாகக் கிடைப்பதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது சோளம். வட இந்தியாவில் கோதுமையில் வித்து செய்கிறார்கள், தமிழ்நாட்டில் பெரும்பாலும் சோளம்தான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுப்பதும் சோளம்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு கிறுக்கு உண்டு, நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசு ஒன்று வாங்கி ஒவ்வொரு தானியத்திலும் 100 மணி எண்ணி எடை போட்டேன். சோளம் 100 மணி கிட்டத்தட்ட 3 கிராம். கம்பு 1 கிராம். மக்காச்சோளம் 28 கிராம். அப்படியானால் ஒரு கிலோவில் சோளம் 33,000 மணி, கம்பு ஒரு லட்சம் மணி, மக்காச்சோளம் மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம். இழை புறப்படும் இடங்களின் கணக்கு இது. அப்படிப் பார்த்தால் கம்புதான் முதலிடம், கேழ்வரகு அதற்கும் மேலே, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கேழ்வரகைச் செய்து பார்த்தபோது பைக்குள் அது களி மாதிரி இறுகிக்கொண்டது. மணி சின்னதானால் மணிகளுக்கு இடையில் இருக்கும் சந்தும் சின்னது, காற்று போகாது, இழையும் மூச்சு விட வேண்டும். கம்பு நன்றாகத்தான் வரும், வேகமாகப் பரவும், ஆனால் ஐந்து நிமிடம் கவனம் தப்பினால் குழைந்துவிடும், கை பழகிய பிறகு எடுங்கள். மக்காச்சோளம் நேர் எதிர். சந்து நிறைய, குழையாது, ஆனால் உள்வரைக்கும் தண்ணீர் ஏற நாள் முழுக்க ஊற வேண்டும், புறப்படும் இடங்களும் குறைவு. நெல்லில் செய்பவர்கள் இருக்கிறார்கள். உமி தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, உமி லேசாக வாய் திறக்கும்வரை வேகவைக்க வேண்டும், பொறுமை இருந்தால் செய்யலாம். அரிசி மட்டும் வேண்டவே வேண்டாம். தீட்டிய அரிசிக்குத் தோல் கிடையாது, வெந்ததும் ஒட்டிக்கொள்ளும். தோலோடு இருக்கும் முழுத் தானியம்தான் இந்த வேலைக்கு ஆகும், அந்தத் தோல்தான் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து மேற்புறத்தை உலர்வாக வைக்கிறது.

ஆக சோளம். நடுத்தரமான மணி, கெட்டியான தோல், உருண்டை வடிவம், உலுக்கினால் உதிரும். வெள்ளைச் சோளமே எடுங்கள். சிவப்பிலும் வரும், ஆனால் பைக்குள் என்ன நிறம் ஏறுகிறது என்று வெள்ளையில்தான் சட்டென்று கண்ணுக்குத் தெரியும்.

வாங்கும் இடம் முக்கியம். இரண்டாவது வருடம் ஒரு விதைக் கடையில் சோளம் மலிவாகக் கிடைத்தது என்று ஐந்து கிலோ வாங்கிவந்தேன். மேலே லேசான ரோஸ் நிறம், செஞ்சோளக் கலப்பு என்று நினைத்துக்கொண்டேன், கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊறவைத்த தண்ணீர் ரோஸாக ஓடியது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பதினைந்து பை போட்டேன், பதினைந்திலும் இழை வைத்த இடத்திலேயே நின்றது, ஒரு மணிகூட வெள்ளையாகவில்லை, பூசணம் எதுவும் வரவும் இல்லை. விதைப்பதற்கான சோளத்தில் மண்ணில் அழுகாமல் இருக்கப் பூசணக்கொல்லி பூசி நேர்த்தி செய்து விற்பார்கள். காளானும் பூசணம்தானே, அந்த மருந்துக்கு நல்ல பூசணம் கெட்ட பூசணம் என்று பேதம் தெரியாது. அந்தச் சோளத்தைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடவும் முடியாது, விஷம். சாப்பாட்டுக்கு விற்கும் சோளத்தை மட்டும் வாங்குங்கள். நான் இப்போது கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளில் வாங்குகிறேன், வாங்கும்போது ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பேன். மாவு ஒட்டினால் வண்டு விழுந்த சரக்கு. நொய் அதிகம் இருந்தாலும் வேண்டாம், உடைந்த மணியிலிருந்து மாவு கசிந்து மற்ற மணிகளையெல்லாம் ஒட்டவைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் போட்டுப் புடைத்து, கல் அரித்து, மேலே மிதப்பதையெல்லாம் வழித்துக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தடவை களைய வேண்டும்.

ராத்திரி ஊறப்போட்டால் காலையில் எடுக்கலாம், 12 மணி நேரம். தண்ணீர் ஏறுவதற்கு மட்டும் ஊறவைப்பதில்லை, இன்னொரு காரணமும் இருக்கிறது. தானியத்தின் தோலில் பாசில்லஸ் என்ற பாக்டீரியா கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு தூங்கும், கொதிக்கும் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டு ஊறும்போது அவற்றில் பலதும் ஓட்டை விட்டு வெளியே வரும். வெளியே வந்ததைக் கொல்லுவது சுலபம். அதற்காக ஒரு பகல் ஒரு ராத்திரி என்று போட்டுவிடாதீர்கள், மதுரை வெயிலுக்குச் சோளம் புளித்து நுரை கட்டும். சித்திரை வைகாசியில் நான் பத்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வேன், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றுவேன்.

அப்புறம் வேகவைப்பது. இதை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அவர் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் காடு, சின்ன வயதில் சோளச்சோறும் கம்பங்கஞ்சியும் சாப்பிட்டு வளர்ந்தவர். நான் கடிகாரம் வைத்து முப்பது நிமிடம் என்று வேகவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை சரியாக வரும், அடுத்த முறை குழைந்துபோகும். புதுச் சோளத்துக்கும் பழைய சோளத்துக்கும் ஒரே நேரம் போதாது என்பது எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் அடுப்படிக்கு வந்தவர், "கடிகாரமா சோளத்த வேக வைக்குது? அள்ளிப் பாருடி" என்றார். அகப்பையில் நாலு மணி எடுத்து ஊதி, ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் இறங்கியது, ஆனால் மணி நசுங்கவில்லை. இன்னொன்றை முன்பல்லால் இரண்டாகக் கடித்து என்னிடம் காட்டினார். நடுவில் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு பொட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி வெந்திருந்தது. "இதுக்கு மேல வெந்தா பூத்துரும். சோறாக்கணும்னா பூக்கணும். உனக்குப் பூக்கக் கூடாதுல்ல, இப்பவே இறக்கு."

அந்தப் பொட்டுதான் அடையாளம். பூத்தல் என்று அவர் சொல்வது தோல் வெடித்து உள்மாவு வெளியே மலர்வதை. பானையில் நூற்றில் ஒன்றிரண்டு மணி பூத்திருக்கலாம், பத்து பூத்திருந்தால் அதை அப்படியே மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவது நல்லது, பைக்கு ஆகாது. மிச்ச வேக்காட்டைக் குக்கர் பார்த்துக்கொள்ளும். பைக்குள் அடைத்த பிறகு இரண்டு மணி நேரம் மறுபடி வேகத்தானே போகிறது, அங்கே அந்தப் பொட்டு மறைந்துவிடும். தீயைத் தளதளவென்று எரியவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று மோதித் தோல் கிழியும், அதனால் கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள்.

வடித்ததும் ஆவி பறக்கப் பறக்கப் பரப்ப வேண்டும். மூடிவைத்தால் வியர்த்து, போன தண்ணீரெல்லாம் திரும்ப மேலேயே ஒட்டும். சுத்தமாகத் துவைத்த பழைய வேட்டியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி விசிறியைப் போட்டுவிடுவேன், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையால் கிளறிவிடுவேன். வெயிலில் வைக்காதீர்கள், தோல் சுருங்கி உள் ஈரமும் போய்விடும். எப்போது போதும்? ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரித்தால் மணிகள் பொலபொலவென்று உதிர வேண்டும், உள்ளங்கை பிசுபிசுக்கக் கூடாது. செய்தித்தாளில் வைத்து எடுத்தால் தாள் நனையக் கூடாது. உள்ளே ஈரம், வெளியே காய்வு. அந்த 1,700 கிராம் கணக்கும் இங்கேதான் வரும். காய்ந்த சோளத்தில் ஏற்கெனவே 12 சதவீதம் போல ஈரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 1,700 கிராமில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. இழைக்கு அது போதும், பாக்டீரியா நீந்துவதற்கு அது போதாது.

உலர்ந்த பிறகு ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் தூவிப் பிசிற வேண்டும். புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளும், மணிகளும் ஒட்டாமல் இருக்கும். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சுண்ணாம்பு என்று யாரோ சொல்ல, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ கலந்துவிடுகிறார்கள். அது வேறு பொருள், காரம் மிக அதிகம், இழை அதில் தங்காது. நமக்கு வேண்டியது சாக்பீஸ் தூள் மாதிரி சாதுவாக இருக்கும் கார்பனேட். கடையில் அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள்.

பை பாலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும், சாதாரண பாலிதீன் குக்கர் சூட்டில் உருகிவிடும். கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வருவது பாலிப்ரொப்பிலீன். பைக்கு 330 கிராம் வீதம் அடைத்தால் ஒரு கிலோ சோளத்தில் ஐந்து பை வரும். வாயில் சின்ன பிவிசி வளையம், அதில் தண்ணீர் உறிஞ்சாத பஞ்சு, மேலே நனையாமல் இருக்கத் தாள் சுற்றி ரப்பர் பேண்ட். மருந்துக்கடையில் பஞ்சு என்று கேட்டால் புண் துடைக்கும் பஞ்சைத் தருவார்கள், அது ஆவியில் நனைந்து பூசணத்துக்குப் பாலம் போட்டுக் கொடுக்கும். கண்ணாடி பாட்டில் கிடைத்தால் அதிலும் செய்யலாம், பழைய குளுக்கோஸ் பாட்டில்களில்தான் ரொம்ப காலம் செய்துகொண்டிருந்தார்கள்.

குக்கர் விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆவி நன்றாகப் பீய்ச்சி வந்த பிறகுதானே வெயிட் போடுவோம்? உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறினால்தான் 121 டிகிரி சூடு எட்டும், காற்று தங்கினால் அழுத்தம் காட்டும், சூடு காட்டாது. வித்துக்கு நான் ஐந்தாறு நிமிடம் ஆவியை விட்டுவிட்டே வெயிட் போடுவேன். அடியில் தட்டு வைத்து, பைகள் தண்ணீரில் தொடாமல் நிற்க வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இரண்டு மணி நேரம். பாதியில் தண்ணீர் வற்றிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் பை போடுவதற்கு முன்னால் ஒரு நாள் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி அதே தீயில் இரண்டு மணி நேரம் ஓட்டி, மிச்சம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். என் பத்து லிட்டர் குக்கரில் இரண்டு லிட்டர் ஊற்றினால் தாராளமாக மிஞ்சுகிறது. உங்கள் அடுப்புக்கு உங்கள் கணக்கு. அணைத்த பிறகு திறக்காதீர்கள், ராத்திரி முழுக்கத் தானாக ஆறட்டும். ஆறும்போது பை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சமையல் கட்டில் தாளிக்கிற நேரத்தில், விசிறி ஓடுகிற நேரத்தில் திறந்தால் என்னத்தை இழுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறிய பையின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா பாருங்கள். மணி மணியாக வியர்த்திருந்தால் பரவாயில்லை, உலுக்கினால் இழுத்துக்கொள்ளும். குளம் கட்டியிருந்தால் அந்தப் பையில் தாய் வித்தை, அதாவது புதுப் பையில் இழையைத் தொடங்கிவைக்க இடும் இழை பரவிய வித்தை, வீணாக்க வேண்டாம்.

தாய் வித்து இடுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். காற்று அசையாத அறை, கை விடத் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி, 70 சதவீத ஸ்பிரிட். ஸ்பிரிட் அடித்த பெட்டிக்குள் தீயைக் கொண்டுபோகாதீர்கள், குப்பென்று பிடிக்கும், இதில் விளையாட்டு வேண்டாம். தாய் வித்தை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாதிரி நம்பகமான இடத்தில் வாங்குங்கள். உங்கள் பையிலிருந்தே அடுத்த பைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனால் இழையின் வீரியம் குறையும், நான் இரண்டு முறைக்கு மேல் மாற்றுவதில்லை.

ஒரு வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாகும். அப்போது பையை வெளியிலிருந்தே மெதுவாகக் கசக்கி உலுக்கிவிட வேண்டும், வெள்ளை மணிகள் எல்லாப் பக்கமும் கலக்கும். மறுநாள் ஒன்றுமே இல்லாத மாதிரி வெளிறித் தெரியும், பயப்படாதீர்கள், இரண்டு நாளில் திரும்ப ஏறும். பதினைந்திலிருந்து பதினெட்டு நாளில் பை முழுக்க வெண்மை. பஞ்சுக்குப் பக்கத்தில் முகர்ந்தால் மழை பெய்த காட்டின் வாசம் மாதிரி, பச்சைக் காளான் வாசம் வர வேண்டும். புளித்த கஞ்சி வாசம் வந்து, மணிகள் வழுவழுவென்று மஞ்சளாக மினுங்கினால் பாக்டீரியா, தண்ணீர் கூடியதன் நேரடி விளைவு. பச்சை, கறுப்பு, ஆரஞ்சு எது கண்ணில் பட்டாலும் முகரவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், அப்படியே குக்கரில் போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்துவிட்டு வெளியே எறியுங்கள். பச்சைப் பூசணம் முதல் இரண்டு நாள் வெள்ளையாகத்தான் ஏமாற்றும். காளான் இழை கயிறு கயிறாக, கெட்டியாக ஓடும், பச்சைப் பூசணமோ மாவு தூவின மாதிரி இருக்கும். நாலைந்து பை பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

வெள்ளை முற்றிய பையை நாள் கணக்கில் வைத்திருக்காதீர்கள். முடிந்தால் அந்த வாரமே வைக்கோலுக்குப் போகட்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். மஞ்சள் நீர் கசியத் தொடங்கினால் வயதாகிவிட்டது. ஒரு பையை நான் இரண்டு படுக்கைக்குப் பிரித்துப் போடுகிறேன்.

மாசி முடிந்தாலே இங்கே சிப்பிக் காளானுக்குச் சூடு தாங்காது. அதனால் நேற்று வேகவைத்த சோளம் பால் காளானுக்கு. 30லிருந்து 35 டிகிரி வரை சூட்டில் சுகமாக வளரும் இனம் அது, நான் போடுவது ஏ.பி.கே. 2. ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டையின் சுருக்கம், அங்கே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம். தன் ஊர்க் காளான் என்று அம்மாவுக்கு இதன் மேல் தனிப் பிரியம். சோளம் இறக்குமுன் அவரைக் கூப்பிட்டேன், வந்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, பொட்டு இருக்கிறது, இறக்கு என்றார். கார்பனேட் கலக்குமுன் ஒரு கிண்ணம் எடுத்து உப்பும் மோரும் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். மிச்சம் பைக்குப் போனது. ஐந்து பை, இன்று காலையில் தாய் வித்து இட்டாகிவிட்டது, அடுத்த வியாழக்கிழமை உலுக்க வேண்டும்.